குழந்தை காணாமற்போனால் முதல் பத்து நிமிடம் யாருடையது?

2024ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. ஜொகூர், இஸ்கந்தார் புத்ரியில் உள்ள இக்கோ கேலரியா வளாகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு சென்ற ஆறு வயதுச் சிறுமி, கூட்டத்தில் காணாமற்போனாள். காவல்துறை அவளது படத்தை வெளியிட்டு பொதுமக்களின் உதவியைக் கேட்டது. அந்தப் படம் சில மணி நேரத்தில் நாடு முழுவதும் புலனக் குழுக்களில் பரவியது. பத்து பாகாட்டில் இருந்த எங்கள் குடும்பக் குழுவுக்கு மட்டும் அது வெவ்வேறு உறவினர்களிடமிருந்து நான்கு முறை வந்து சேர்ந்தது. ஜூலை 23ஆம் தேதி அதிகாலையில் அவள் சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு தங்கும் விடுதியில் உயிரோடு மீட்கப்பட்டாள். அங்கே ஓர் ஆடவர் கைது செய்யப்பட்டார்.

இஸ்கந்தார் புத்ரியிலிருந்து பத்தாங் காலி முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். ஒரு குடும்பம் பொழுதுபோக்கச் சென்ற இடத்தில் தொடங்கிய தேடல், மூன்று நாளில் தீபகற்பத்தின் தென்முனையிலிருந்து நடுப்பகுதி வரை நீண்டது. குழந்தை கிடைத்துவிட்டாள் என்ற செய்தியைக் கேட்டு நாடே பெருமூச்சு விட்டது. அதோடு பலரும் அதை மறந்துவிட்டோம்.

மறந்துவிடக் கூடாத ஒரு கேள்வி அந்த நிகழ்வில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். தைப்பூசம், தீபாவளிச் சந்தை, இரவுச் சந்தை, கோயில் தேர்த் திருவிழா, பேரங்காடியின் புத்தாண்டு நிகழ்ச்சி என ஆண்டு முழுவதும் நாம் கூட்டங்களுக்குச் செல்கிறோம். அங்கெல்லாம் ஒரு குழந்தை கைவிட்டுப் போகும் முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் வருவது பழி

குழந்தை காணாமற்போன செய்தி எதுவானாலும், அதன் கீழே வரும் கருத்துகளைப் படித்துப் பாருங்கள். 'பெற்றோர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?', 'கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்', 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாவிட்டால் எதற்கு வெளியே கூட்டிக்கொண்டு வரவேண்டும்?' பெரும்பாலும் அம்மாவைத்தான் முதலில் கேட்கிறார்கள். அப்பாவும் அங்கேதான் நின்றிருப்பார். ஆனாலும் கேள்வி அம்மாவுக்குத்தான் போகும்.

பெற்றோருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டின் 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, குழந்தையைத் தக்க கண்காணிப்பு இல்லாமல் விட்டுவிடுவதைக் குற்றமாகக் கருதுகிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அதற்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் அந்தப் பிரிவின் சொற்களைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு நேரம் விடப்பட்டது, எந்தச் சூழலில் விடப்பட்டது, அது நியாயமானதா என்று பார்க்கச் சொல்கிறது சட்டம். கடலை வாங்கக் காசு எடுக்கக் குனிந்த அரை நிமிடத்தையும், குழந்தையைக் காரில் பூட்டிவிட்டுக் கடைக்குப் போன ஒரு மணி நேரத்தையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை. சமூக ஊடகம் வைக்கிறது.

இந்தப் பழியால் மனம் புண்படுவதோடு முடிந்துவிடாது. காலமும் வீணாகிறது. 'குழந்தையைத் தொலைத்துவிட்டேன்' என்று நாலு பேர் முன் சொல்ல வெட்கப்படும் பெற்றோர், முதலில் தாங்களாகவே தேடிப் பார்க்கிறார்கள். கழிவறை, விளையாட்டுக் கடை, கார் நிறுத்திய இடம் என்று சத்தமில்லாமல் சுற்றி வருகிறார்கள். மாமியாருக்குத் தெரியக் கூடாது, அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது என்ற கவலை வேறு. அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு

கணிதப் பாடத்தில் வட்டத்தின் பரப்பளவு எதற்கு என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இதோ ஒரு காரணம்.

ஐந்து வயதுக் குழந்தை நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்தில் அது 120 மீட்டர் தொலைவுக்குப் போயிருக்கலாம். எந்தத் திசையில் என்று தெரியாததால், 120 மீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதையும் தேட வேண்டும். அது சுமார் ஆறு காற்பந்துத் திடல் அளவு. பத்து பேர் இருந்தால் தேடிவிடலாம்.

பத்து நிமிடம் தாமதித்தால் ஆரம் 600 மீட்டர். காலம் ஐந்து மடங்கு ஆகும்போது பரப்பளவு இருபத்தைந்து மடங்கு ஆகிவிடுகிறது. இப்போது தேட வேண்டியது 150க்கும் மேற்பட்ட திடல்கள். அதே பத்து பேரால் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தை தானாக நடந்து போகாமல் யாரோ காரில் ஏற்றிவிட்டார்கள் என்றால், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அதே பத்து நிமிடத்தில் 18 கிலோமீட்டர் போய்விடலாம்.

குழந்தை எப்போதும் நேர்கோட்டில் நடக்காது, கூட்டத்தில் வேகமும் குறையும். ஆகவே இது மிகைப்படுத்திய கணக்குதான். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. தேடும் பரப்பு நேரத்தின் வர்க்கத்தில் விரிகிறது. வெட்கத்திற்காக விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் முந்தைய நிமிடத்தைவிட விலை கூடியது.

காணாமற்போனவரைப் பற்றிப் புகார் செய்ய 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்ததாக இருக்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. மலேசியக் காவல்துறையும் இதைப் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. குழந்தை காணவில்லை என்றால் உடனே 999 எண்ணை அழைக்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால்

இன்னொரு கேள்வி. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் திருவிழாவுக்குப் போகும்போது இரண்டு மூன்று வண்டி நிறையப் போவார்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, அத்தை, அத்தை பிள்ளைகள் என ஒரு படையே இருக்கும். ஒரு குழந்தையைப் பார்க்கப் பத்து ஜோடிக் கண்கள். அப்படியிருந்தும் குழந்தை எப்படித் தவறுகிறது?

பத்து ஜோடிக் கண்கள் இருப்பதால்தான் என்பது என் பதில்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரும் 1968இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, ஒலிபெருக்கிக் கருவி வழியாக உரையாடச் செய்தார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் கேட்கும். தன்னைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்கள் கெட்டவர்களோ கல்நெஞ்சர்களோ அல்லர். பொறுப்பு பலருக்குப் பங்கு பிரிந்ததால் ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு சிறுத்துவிட்டது.

குடும்பச் சுற்றுலாவில் நடப்பதும் இதுவே. அம்மா, குழந்தை பாட்டியிடம் இருக்கிறது என்று நினைக்கிறார். பாட்டி, பெரியவன் கையைப் பிடித்திருப்பான் என்று நினைக்கிறார். பெரியவனுக்கு வயது பதினொன்று, அவன் பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் அலட்சியமாக இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அந்தக் குழந்தைக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை.

இதற்கு மருந்து எளிது. நீச்சல் குளங்களில் பரிந்துரைக்கப்படும் முறை அது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் காவலர். அவர் அந்தப் பொறுப்பை அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். 'சித்தி, இப்போது உங்கள் முறை, நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போகிறேன்' என்று சொன்னால் போதும். சித்தி 'சரி' என்று சொல்லும் வரை நகரக் கூடாது. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பத்துப் பேர் அரைக்கண்ணால் பார்ப்பதைவிட ஒருவர் முழுக்கண்ணால் பார்ப்பது பாதுகாப்பானது.

குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஒரு மீட்டரை எட்டாது. திருவிழாக் கூட்டத்தில் அதன் கண்ணுக்குத் தெரிவது பெரியவர்களின் கால்களும் பைகளும்தான். நாம் கோபுரத்தையும் காவடியையும் பார்க்கும் நேரத்தில், அது ஒரு காட்டுக்குள் நிற்கிறது. வேட்டியெல்லாம் ஒரே நிறம்.

காணாமற்போனவர்களைத் தேடும் வல்லுநர்கள் குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைக்குத் தான் தொலைந்துவிட்டோம் என்பதே தெரிவதில்லை. கண்ணில் பட்டதன் பின்னால் போகும், களைத்தால் மேசைக்கடியிலோ பந்தல் மறைவிலோ படுத்துத் தூங்கிவிடும். பெயர் சொல்லி அழைத்தாலும் பதில் வராது. நான்கிலிருந்து ஆறு வயது வரை உள்ள குழந்தை தொலைந்ததை உணரும். வீட்டுக்கோ காருக்கோ திரும்ப முயலும். அந்த முயற்சியே அதை இன்னும் தூரம் கொண்டுபோய்விடும். அறிமுகமில்லாதவரிடம் பேசாதே என்று நாம் சொல்லிக்கொடுத்ததை நினைத்துக்கொண்டு, தேடி வரும் தொண்டரிடமிருந்தே ஒளிந்துகொள்வதும் உண்டு.

இந்தக் கடைசிச் செய்தி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். 'தெரியாதவரிடம் பேசாதே' என்பது பாதிப் பாடம். திருவிழாவில் தொலைந்த குழந்தையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாருமே தெரியாதவர்கள்தான். அவர்களில் யாரிடம் உதவி கேட்கலாம் என்பதுதான் குழந்தைக்குத் தேவையான மீதிப் பாடம். சீருடை அணிந்த காவலர், கடையின் கல்லாவில் நிற்பவர், கையில் குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மா. இந்த மூன்றையும் நான்கு வயதுக் குழந்தையால் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். கூடவே, 'யார் கூப்பிட்டாலும் இந்த இடத்தை விட்டு வெளியே போகாதே, காரில் ஏறாதே' என்பதையும் சொல்ல வேண்டும்.

'உன் அம்மா பெயர் என்ன?' என்று கேட்டால் 'அம்மா' என்றுதான் பெரும்பாலான சின்னக் குழந்தைகள் சொல்லும். பாலர் பள்ளியில் எத்தனையோ பாடல் கற்றுக்கொடுக்கிறோம். அம்மாவின் முழுப்பெயரையும் கைப்பேசி எண்ணையும் அதே மெட்டில் கற்றுக்கொடுத்தால் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

மதியிறுக்கம் உள்ள குழந்தைகளை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். 2012இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு வயதுக்கு மேற்பட்ட மதியிறுக்கக் குழந்தைகளின் குடும்பங்களில் 49 விழுக்காட்டினர் தங்கள் குழந்தை ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு ஓட முயன்றதாகக் கூறியுள்ளனர். மேளச் சத்தமும் நெரிசலும் அவர்களைத் துரத்தலாம். தண்ணீர் அவர்களை ஈர்க்கலாம். அப்படிப்பட்ட குழந்தை காணாமற்போனால் அருகிலுள்ள குளம், வாய்க்கால், ஆறு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பெற்றோரைப் பார்த்து 'கவனம் போதவில்லை' என்று சொல்பவர் ஒரே ஒரு நாள் அவர்களோடு இருந்து பார்க்கட்டும்.

நம் நாடு கற்றதும் கல்லாததும்

2007 ஆகஸ்டில் கோலாலம்பூர், வங்சா மாஜுவில் வீட்டருகே இருந்த இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயதுச் சிறுமி திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் அவளது உடல்தான் கிடைத்தது. 2008 ஜனவரியில் பெட்டாலிங் ஜெயா, தாமான் மேடானில் வீட்டருகே விளையாடிய ஐந்து வயதுச் சிறுமி காணாமற்போனாள். இந்த இரண்டு நிகழ்வுகளும் நாட்டை உலுக்கின. அவற்றின் பின்னணியில்தான் 2011இல் நூர் எச்சரிக்கை என்ற தேசிய அவசர அறிவிப்பு முறை வந்தது. 12 வயது வரையிலான குழந்தை காணாமற்போனால் விவரங்களை ஊடகங்கள் வழியாகவும் பொது இடங்கள் வழியாகவும் வேகமாகப் பரப்புவது அதன் நோக்கம். 1996இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு உருவான ஆம்பர் எச்சரிக்கையே இதற்கு முன்மாதிரி.

இது நல்ல ஏற்பாடு. ஆனால் இது காவல்துறைக்குத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குவது. குழந்தை தொலைந்த நொடிக்கும் காவல்துறைக்குத் தகவல் போகும் நொடிக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பேரங்காடியின் பாதுகாவலர், கோயில் நிர்வாகத்தினர், ரேலா உறுப்பினர், தொண்டூழிய மாணவர்கள்.

அமெரிக்காவின் வால்மார்ட் கடைகள் 1994இல் இந்த வெற்றிடத்திற்கென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தன. 1981இல் ஃபுளோரிடாவில் ஒரு பேரங்காடியிலிருந்து காணாமற்போய்க் கொல்லப்பட்ட ஆறு வயதுச் சிறுவனின் நினைவாக அதற்குக் 'கோட் ஆடம்' என்று பெயர். ஒரு குழந்தை காணவில்லை என்று தெரிந்ததும் கடை முழுவதும் அந்தச் சொல் அறிவிக்கப்படும். சிலர் தேடத் தொடங்குவார்கள், சிலர் வாசல்களில் நின்று வெளியே போகும் குழந்தைகளைக் கவனிப்பார்கள். பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் காவல்துறை அழைக்கப்படும். இதில் புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ததுதான் அதன் பலம். தேடுவது எல்லாருக்கும் தோன்றும். வாசலைக் காப்பது யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தோன்றும்.

நம் மரபிலேயே இருக்கிறது

இதையெல்லாம் மேற்கிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. 1946இல் அலகாபாத்தில் ராஜா ராம் திவாரி என்ற பதினெட்டு வயது இளைஞர், திரிவேணி சங்கமத் திருவிழாக் கூட்டத்தில் வழிதவறியவர்களைக் குடும்பத்தோடு சேர்க்க ஒரு முகாமைத் தொடங்கினார். கையில் தகரத்தால் செய்த குழல்தான் ஒலிபெருக்கி. அதன் பெயர் 'பூலே பட்கே சிவிர்', அதாவது வழி தவறியோர் முகாம். 2016இல் இறக்கும் வரை அவர் அந்தப் பணியை விடவில்லை. 2025ஆம் ஆண்டு மகா கும்பமேளாவில் கணினி வழியாகப் படங்களை ஒப்பிடும் மையங்கள் வந்துவிட்டன. ஆனால் தொடக்கப்புள்ளி, நம் வயதுடைய ஒருவர் கூட்டத்தின் நடுவே ஓரிடத்தில் நின்று 'தொலைந்தவர்கள் இங்கே வாருங்கள்' என்று குரல் கொடுத்ததுதான்.

சபரிமலைக்குச் செல்லும் சிறு குழந்தைகளுக்குக் கேரளக் காவல்துறை பம்பையில் கைப்பட்டை கட்டுகிறது. பெற்றோரின் தொலைபேசி எண் அதில் இருக்கும். அர்ஜென்டினாவின் கடற்கரைகளில் இன்னொரு வழக்கம். தொலைந்த குழந்தையைக் கண்டவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கை தட்டியபடி நடப்பார். அருகில் இருப்பவர்களும் தட்டத் தொடங்குவார்கள். கைதட்டல் கடற்கரை முழுவதும் பரவும். பெற்றோர் சத்தம் வரும் திசையை நோக்கி ஓடி வருவார்கள். அங்கே தொலைந்த குழந்தையின் பெற்றோருக்கு முதலில் கேட்பது வசைச் சொல் இல்லை, கைதட்டல்.

ஒலிபெருக்கி அறிவிப்பில் ஓர் ஆபத்து

திருவிழா ஒன்றில் தொண்டூழியராக இருந்தபோது நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தகவல் கூடாரத்துக்கு ஒரு சிறுவன் அழுதுகொண்டே வந்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயர், வயது, சட்டை நிறம், அவன் சொன்ன அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, 'என் பையன்' என்றார். அவரிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் உண்மையிலேயே அந்தச் சிறுவனின் அப்பாதான். பையன் அவரைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். ஆனால் அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பாவாக இல்லாத ஒருவர் வந்திருந்தாலும் கேட்பதற்குக் கேள்வி மிச்சம் இருந்திருக்காது. எல்லா விடைகளையும் ஒலிபெருக்கியே சொல்லிக் கொடுத்துவிட்டது.

தகவல் கூடாரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறைத்து வைத்தால் போதும். 'சுமார் ஐந்து வயதுச் சிறுவன் எங்களிடம் இருக்கிறான், பெற்றோர் வரவும்' என்று மட்டும் அறிவியுங்கள். வருபவர் சட்டை நிறத்தையும் பெயரையும் தாமே சொல்லட்டும், தம் கைப்பேசியில் குழந்தையின் படத்தைக் காட்டட்டும். அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை அவரைப் பார்த்ததும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு நிமிட வேலை. உண்மையான பெற்றோர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கைப்பட்டைக்கும் இதே நியாயம் பொருந்தும். வெளியே தெரியும்படி குழந்தையின் பெயரை எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். தொலைபேசி எண் மட்டும் போதும்.

பகிர்வதற்கும் ஒரு முறை

மாணவர்களாகிய நம் கையில் இருக்கும் பெரிய கருவி கைப்பேசி. இஸ்கந்தார் புத்ரிச் சிறுமியின் படம் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு நம் தலைமுறையும் காரணம். அதில் தவறில்லை. ஆனால் பகிரும் முன் அது காவல்துறையின் அறிவிப்பா, எந்தத் தேதியில் வந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாண்டு பழைய படத்தை இன்று வந்த செய்தியாக அனுப்பினால், உண்மையான அறிவிப்பு வரும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

குழந்தை கிடைத்துவிட்டால் படத்தை நீக்குவதும் நம் கடமை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைக் குழந்தைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுக்கிறது. இந்தக் கட்டுரையில் எந்தக் குழந்தையின் முழுப்பெயரும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். தேடும்போது முகம் நாடறிய வேண்டும். கிடைத்த பிறகு அந்தக் குழந்தை மீண்டும் சாதாரண மாணவியாகப் பள்ளிக்குப் போக வேண்டும். பத்தாண்டு கழித்துத் தன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது அவளது வாழ்வின் மிக மோசமான மூன்று நாள்கள் மட்டுமே முதல் பக்கத்தில் வரக் கூடாது.

பயந்து வீட்டில் இருப்பதா?

இதையெல்லாம் படித்துவிட்டு, இனி பிள்ளைகளைத் திருவிழாவுக்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று யாராவது சொன்னால் நான் வருந்துவேன். கூட்டத்தில் கைவிட்டுப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோர் சிறிது நேரத்தில், அருகிலேயே கிடைத்துவிடுகிறார்கள். கடத்தல் அரிது. அரிது என்பதால் ஆயத்தமாக இல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த நினைவு ஒரு தமிழ்க் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய சொத்து. அச்சத்தால் அதைப் பறித்துவிடக் கூடாது.

தேவையானது ஏற்பாடு. இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்கள் அதைத் தாராளமாகச் செய்யலாம். நம் இந்திய மாணவர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றன. அதே பந்தலில் ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு கட்டுக் காகிதக் கைப்பட்டை வைக்க எவ்வளவு செலவாகும்? மோர் வாங்க வரும் குடும்பத்திடம், 'அக்கா, தம்பி கையில் உங்கள் எண்ணை எழுதிக் கட்டிவிடட்டுமா? அப்படியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று பிறகு நினைவுக்கு வராது' என்று சொல்ல ஒருவர் போதும். வாசல்களில் யார் நிற்பது, ஒலிபெருக்கியில் என்ன சொல்வது, எத்தனையாவது நிமிடத்தில் 999ஐ அழைப்பது என்று ஒரு தாளில் எழுதித் தொண்டூழியர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைக்கலாம். குழந்தைகள் பற்றிய மற்ற உதவிகளுக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

அடுத்த முறை கூட்டத்தின் நடுவே ஓர் அம்மா குழந்தையின் பெயரைச் சொல்லிக் கதறுவதைக் கேட்டால், அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகாதீர்கள். 'என்ன சட்டை? எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளைக் கேட்பவர் வந்துவிட்டால், அதுவரை தனியாகத் தேடிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு இருவர் பலம் வந்துவிடும். பிறகு ஒருவர் வாசலுக்கு ஓடலாம்.